பிரிட்ஜ் திருத்த ஆள் வரும்போது



வீட்டில் ஒரு மெசின் பழுதடைந்தால் அதைப் பார்ப்பது ஆம்பிளைகளின் வேலை என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். தகப்பன் பார்ப்பார், இல்லாவிட்டால் கணவன், அவரும் இல்லாவிட்டால் அண்ணனோ மாமாவோ பார்ப்பார். யுத்தம் இந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டது. இன்று குடாநாட்டில் கணவனை இழந்தோ, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டோ, நோயாளியான கணவனைப் பராமரித்துக்கொண்டோ தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர். கிணற்று மோட்டாரும் மின்சார வயரும் குளிர்சாதனப் பெட்டியும் இப்போது அவர்களின் பொறுப்பு. வேலை எங்கள் கைக்கு வந்துவிட்டது. அதற்கான அறிவை மட்டும் யாரும் எங்களுக்குத் தரவில்லை.

இந்த மாதம் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிப் பார்ப்போம். பிரிட்ஜ் வசதியானவர்களின் சாமான்தானே என்று சிலர் நினைக்கலாம். கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தால் நிலைமை வேறு. ஐஸ் பக்கற், ஜூஸ், தயிர் விற்று பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்மாருக்கு அது ஒரு தொழிற்கருவி. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடும் முதியவர் உள்ள வீட்டில் அது மருந்துப் பெட்டி. பல வீடுகளில் அது தவணைக்கு வாங்கப்பட்டது. பெட்டி நின்றுபோனாலும் தவணை நிற்காது.

ஒரு சகோதரியின் கதை

வடமராட்சியில் கடற்கரையை அண்டிய ஒரு கிராமத்தில் இரண்டு பிள்ளைகளோடு வாழும் ஒரு சகோதரி. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஐஸ் பக்கற் விற்பதுதான் வருமானம். ஒருநாள் பெட்டி குளிர்வது நின்றுவிட்டது. வந்தவர் "காஸ் முடிஞ்சு போச்சு" என்று சொல்லி, நிரப்பி, காசு வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் ஓடியது. பிறகு மறுபடியும் நின்றது. வேறொருவர் வந்து அதையே சொல்லி, அதையே செய்தார். மூன்றாம் தடவையும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் போனது அவரின் பல வார உழைப்பு.

நான்காவதாக வந்தவர் காஸ் சிலிண்டரை இறக்குவதற்கு முதல் ஒரு கேள்வி கேட்டார்: "அக்கா, ஐஸ் கட்டி பிடிச்சால் எப்பிடி எடுக்கிறனீங்கள்?" கத்தியால் கிளப்பி எடுப்பதாக அவர் சொன்னார். உறைகலத்தின் தகட்டில், கத்தி பட்ட இடத்தில், ஊசி முனை அளவு ஒரு துளை இருந்தது. நிரப்பிய காஸ் எல்லாம் அந்தத் துளையால் போய்க்கொண்டிருந்தது. முதல் மூவரும் அதைத் தேடவில்லை. அவர்கள் கேட்காததால் அந்தச் சகோதரியும் சொல்லவில்லை.

இந்தக் கதையில் எங்களுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, ஐஸைக் கத்தியால் குத்தக்கூடாது. பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்தால் அது தானாகவே உருகும். மற்றது முக்கியமானது: காஸ் ஒருநாளும் "முடிவதில்லை".

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் துளைகளால் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கொண்டு போகிறது. குளிர்சாதனப் பெட்டியிலும் நடப்பது இதுதான். உள்ளே இருக்கும் குழாய்களில் விசேட திரவம் ஒன்று ஆவியாகி, உணவின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. பின்பக்கம் கீழே "ம்ம்" என்று இரையும் கறுப்பு உருண்டைதான் கொம்பிரசர். அது அந்த ஆவியை அமுக்கி, பின்பக்கச் சுருள் குழாய்க்குத் தள்ளுகிறது. அங்கே அது சூட்டை வெளியே விட்டுத் திரும்பவும் திரவமாகி உள்ளே போகிறது. பெட்டியின் பின்பக்கமோ பக்கச் சுவரோ சூடாக இருப்பது அதனால்தான். அந்தச் சூடு உங்கள் மீனிலும் தண்ணீரிலும் இருந்து எடுத்த சூடு.

இந்தச் சுற்று மூடிய சுற்று. அதே காஸ்தான் போய்ப் போய் வருகிறது. மோட்டார் சைக்கிள் பெற்றோலைப் போல அது எரிந்து தீர்வதில்லை. பத்து வருடம் ஓடினாலும் போட்ட காஸ் அப்படியே இருக்க வேண்டும். குறைந்துவிட்டதென்றால் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் காஸ் நிரப்புவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது.

வெளிநாட்டில் உறவினர் இருப்பவர்கள் "வெப்பப் பம்பி" என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு புதுமை ஒன்றுமில்லை. எங்கள் பிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடுகிறது. வெப்பப் பம்பி வெளியே உள்ள காற்றிலோ நிலத்திலோ ஆற்றிலோ இருக்கும் சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடுகிறது. எங்கள் மக்கள் பலர் வாழும் சூரிச் நகரில், லிம்மாற் ஆற்று நீரில் இருந்து சூடு எடுத்து நகர மண்டபத்தைச் சூடாக்கும் இயந்திரத்தை 1938ஆம் ஆண்டிலேயே பொருத்தினார்கள். இன்று நோர்வேயில் அரைவாசிக்கு மேற்பட்ட வீடுகளில் இது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குளிர்பதனக் காஸ் சுற்றில் கைவைப்பவர் அதற்கான சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கே வீட்டுக்காரர் முதலில் சான்றிதழைக் கேட்கிறார். நாங்கள் முதலில் "எவ்வளவு எடுப்பியள்?" என்று கேட்கிறோம். விலை கேட்பது பிழையில்லை. அதை மட்டும் கேட்பதுதான் பிழை.

ஆளைக் கூப்பிட முதல்

பெட்டி குளிரவில்லை என்றால் உடனே போனை எடுக்க வேண்டாம். பின்வருவனவற்றை நீங்களே பார்க்கலாம்.

1. பிளக் இறுக்கமாக இருக்கிறதா? அதே பிளக்கில் வேறொரு சாமான் வேலை செய்கிறதா? பிளக் கருகியிருந்தால் தொட வேண்டாம். மெயினை நிறுத்திவிட்டு மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

2. உள்ளே இருக்கும் குளிர் திருகியை யாராவது குறைத்து வைத்திருக்கிறார்களா? சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இது சாதாரணம்.

3. கதவின் றப்பர் விளிம்பில் ஒரு இருபது ரூபாத் தாளை வைத்துக் கதவைச் சாத்திப் பின் இழுத்துப் பாருங்கள். தாள் இலகுவாக வழுகி வந்தால் குளிர் அந்த வழியால் போகிறது. றப்பரைச் சவர்க்கார நீரால் துடைத்துப் பாருங்கள். வெடித்திருந்தால் றப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

4. பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கச் சுருளில் பிடித்திருக்கும் தூசியை மெல்லிய தும்புத்தடியால் தட்டிவிடுங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே குளிர் வராது, மின்கட்டணமும் கூடும்.

5. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை "டிக்" என்று சத்தம் கேட்டு, கொம்பிரசர் ஓட வெளிக்கிட்டு நிற்கிறதா? மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம். அல்லது கொம்பிரசரின் பக்கத்தில் இருக்கும் ரிலே என்ற சிறு பாகம் பழுதாகியிருக்கலாம். ரிலேயின் விலை கொம்பிரசரின் விலையில் மிகச் சிறு பங்கு. "கொம்பிரசர் போச்சு" என்று யாரும் சொன்னால், "ரிலேயை மாத்திப் பாத்தனீங்களோ?" என்று கேளுங்கள்.

6. கொம்பிரசர் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் வழக்கமாகச் சூடாகும் சுருளோ பக்கச் சுவரோ சூடாகவில்லை, உறைகலத்தில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கிறது என்றால் காஸ் குறைந்திருக்க வாய்ப்புண்டு.

7. பனி பிடிக்காத வகைப் பெட்டியில் மேலே உறைகலம் குளிர்ந்து, கீழே மட்டும் குளிர் இல்லையென்றால் உள்ளே இருக்கும் காற்றாடியோ, பனி உருக்கும் ஹீற்றரோ காரணமாக இருக்கலாம். அதற்குக் காஸ் தேவையில்லை.

இவற்றைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எப்போது தொடங்கியது, என்ன சத்தம், எங்கே பனி பிடிக்கிறது என்று சொல்லத் தெரிந்த வீட்டுக்காரியிடம் யாரும் இலகுவில் பொய் சொல்லமாட்டார்கள்.

மின்சாரம் நின்று வந்த உடனே பெட்டியைப் போட வேண்டாம். ஐந்து நிமிடமாவது கழியட்டும். உள்ளே இருக்கும் அமுக்கம் சமப்பட முதல் ஓடவிட்டால் கொம்பிரசர் இறுகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் திரும்பத் திரும்ப நின்று போகும் மின்சாரம் இத்தகைய பெட்டிகளுக்குக் கெடுதல். 2008இல் நிஷா புயலின்போதும் 2020இல் புரெவியின்போதும் போல வீட்டுக்குள் வெள்ளம் ஏறினால், தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது.

திருத்த வருபவரிடம் கேட்க வேண்டியவை

வருவதற்கே எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு என்று மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். "எல்லாம் பாத்துச் செய்வம் அக்கா" என்பது பதில் அல்ல. வேலை தொடங்க முதல் ஒரு தொகை பேசப்பட வேண்டும். கூடினால் கேட்ட பிறகே கூட்ட வேண்டும்.

காஸ் போட வேண்டும் என்றால் நான்கு கேள்விகள் உண்டு. ஓட்டை எங்கே? அதை அடைத்துவிட்டீர்களா? குழாய்க்குள் இருக்கும் காற்றை வெற்றிடப் பம்பியால் உறிஞ்சி எடுப்பீர்களா? எந்தக் காஸ் போடப் போகிறீர்கள்?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. குழாய்க்குள் காற்றும் ஈரமும் நின்றால் அந்த ஈரம் மெல்லிய குழாயில் ஐஸாகி அடைத்துவிடும், நாளடைவில் கொம்பிரசரையும் பழுதாக்கும். ஆகவே பம்பியைப் பூட்டி அரை மணித்தியாலமாவது உறிஞ்ச வேண்டும். பம்பியும் காஸ் அளக்கும் தராசும் கொண்டு வருபவர் தொழில் தெரிந்தவர். சிலிண்டர் ஒன்றோடு மட்டும் வந்து பத்து நிமிடத்தில் முடிப்பவரிடம் கவனமாக இருங்கள்.

நான்காவது கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பெட்டியின் பின்பக்கத்திலோ உட்சுவரிலோ ஒட்டியிருக்கும் தாளில், "ஆர்" என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு இலக்கம் இருக்கும். மிகப் பழைய பெட்டிகளில் 12. அந்தக் காஸ் வானத்து ஓசோன் படையைக் கெடுப்பதால், 1987இன் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் 2010க்குள் உலகெங்கும் நிறுத்தப்பட்டது. அதன் பின் வந்தது 134ஏ. இன்றைய புதுப் பெட்டிகள் பலவற்றில் 600ஏ.

இந்த 600ஏ சூழலுக்கு நல்லது. ஆனால் சமையல் காஸைப் போல எரியக்கூடியது. தாளில் நெருப்புச் சுவாலை போட்ட மஞ்சள் முக்கோணம் இருந்தால், திருத்தும் நேரத்தில் அடுப்பு எரியக்கூடாது, சாமி விளக்கும் எரியக்கூடாது. கதவு யன்னல் திறந்திருக்க வேண்டும். காஸை முற்றாக அகற்றாமல் குழாயில் நெருப்பு வைத்து ஒட்டினால் உயிராபத்து. பிள்ளைகளை அவ்விடத்தில் நிற்க விடாதீர்கள். ஒரு காஸுக்குப் பதிலாக இன்னொன்றைப் போடவோ இரண்டைக் கலக்கவோ ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என்ன செய்தது, எவ்வளவு காசு, எத்தனை மாத உத்தரவாதம் என்று திகதியோடு ஒரு துண்டு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். முடிந்தால் ஒரு பங்கு காசை மறுநாள் தருவதாக முதலே பேசிக்கொள்ளுங்கள். பெட்டி சரியாகக் குளிர்கிறதா என்று தெரிய ஒரு இரவாவது வேண்டும்.

பெட்டியைக் கடைக்குக் கொண்டு போனால்

சில வேலைகளைக் கடையில்தான் செய்யலாம். ஆனால் போன பெட்டி மாதக்கணக்கில் வராத கதைகளும், நல்ல கொம்பிரசரைக் கழற்றிப் பழசைப் பூட்டிய கதைகளும் எங்களிடம் வருகின்றன. பெட்டியிலும் கொம்பிரசரிலும் இருக்கும் தொடர் இலக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். படம் எடுப்பதை அவர் காணட்டும். கடையின் பெயர், முகவரி, திருப்பித் தரும் திகதி ஆகியவற்றோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஏற்றும்போது பெட்டி நிமிர்ந்தே இருக்க வேண்டும். படுக்கவைத்துக் கொண்டு வந்திருந்தால் சில மணித்தியாலம் நிமிர்த்தி வைத்த பின்பே மின்சாரம் கொடுக்கலாம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. ஏமாற்றப்பட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மாவட்ட அலுவலகத்தில் எழுத்திலும் முறையிடலாம். தாமதிக்காமல் முறையிடுவது நல்லது. உங்கள் பகுதி மத்தியஸ்தர் சபைக்கும் பிணக்கைக் கொண்டு போகலாம். எங்கே போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி "துண்டு இருக்கோ?" என்பதுதான்.

ஆம்பிளை இல்லாத வீடு

எழுதத் தயங்கினாலும் எழுத வேண்டிய விடயம் இது. தனியே இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் ஒரு அந்நிய ஆண் வந்து இரண்டு மணித்தியாலம் நின்றால் ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பழுதான பெட்டியை அப்படியே மூடி வைத்திருக்கும் சகோதரிகளை எனக்குத் தெரியும். சிலருக்குப் பயம் ஊர்ப்பேச்சில் மட்டுமல்ல. அந்தப் பயத்துக்கும் காரணங்கள் உண்டு.

இதற்கு வழி கூட்டாகச் செய்வதுதான். மாதர் சங்கத்திலோ சேமிப்புக் குழுவிலோ நான்கைந்து பேர் சேர்ந்து, நம்பிக்கையான ஒருவரை ஒரே நாளில் கூப்பிட்டு, நான்கைந்து வீட்டு வேலையையும் செய்விக்கலாம். ஒருவர் வீட்டு வேலைக்கு மற்றவர் துணையாக நிற்கலாம். பயணச் செலவும் குறையும். யார் ஒழுங்காகச் செய்தார், யார் ஏமாற்றினார் என்று சங்கத்தின் கொப்பியில் எழுதி வைத்தால் அடுத்தவருக்கு உதவும். வருபவரிடம் நீங்கள் தனியே இருப்பதையோ, வெளிநாட்டுக் காசு வருவதையோ சொல்ல வேண்டிய அவசியமில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி, நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" என்று நாங்கள் பணிவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அது மரியாதையான பேச்சுத்தான். ஆனால் அந்த ஒரு வசனத்தால் எங்கள் கையில் இருந்து போகும் காசு கொஞ்சமல்ல. "நீங்கள் செய்யிறதை நான் பாத்துக்கொண்டு நிக்கிறன், சொல்லிச் சொல்லிச் செய்யுங்கோ" என்பதும் மரியாதையான பேச்சுத்தான்.

திருத்துபவர் பக்கமும் பார்ப்போம்

எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். 1990இல் யுத்தத்தால் லக்சபான மின்சாரம் நின்ற பின், குடாநாட்டில் பிரிட்ஜ்கள் புத்தகமும் உடுப்பும் வைக்கும் அலுமாரிகளாயின. அந்த வருடங்களில் இத்தொழிலைப் படிக்க யாருக்கும் வழியிருக்கவில்லை. பின்னர் ஜெனரேற்றர் மின்சாரம் வந்து, 2013 அளவில் தேசிய மின்வலையமைப்போடு இணைந்த பிறகுதான் வீடுகளில் பெட்டிகள் பெருகின. பலர் கடையில் எடுபிடியாக நின்று பார்த்துப் பழகியவர்கள். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ரூபாவை எட்டியபோது சாமான் விலைகளும் ஏறின. நேர்மையாகத் திருத்துபவர் கேட்கும் நியாயமான கூலியைப் பேரம் பேசி அரைவாசி ஆக்கினால், அவர் அடுத்த தடவை வரமாட்டார். குறைந்த காசுக்கு வருபவர் வந்து காஸ் மட்டும் நிரப்பிவிட்டுப் போவார்.

பார்த்துப் பழகியவருக்கும் தேர்ச்சிச் சான்றிதழ் எடுக்க வழியுண்டு. முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமையை வழங்கும் முறை எங்கள் நாட்டில் இருக்கிறது. உங்கள் ஊரில் நன்றாகத் திருத்தும் தம்பி ஒருவர் இருந்தால் அதை அவருக்குச் சொல்லுங்கள். சாதாரண தரம் முடித்து வீட்டில் இருக்கும் மகள் இருந்தால் அவளுக்கும் சொல்லுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகள் இவ்வளவு உள்ள ஒரு ஊரில், பெட்டி திருத்தத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வேலையில்லாமல் போகாது. தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைற்றா ஆகிய இடங்களில் குளிர்பதனப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். "அது பொடியளின்ர கோஸ்" என்று யாரும் சொன்னால் விண்ணப்பப் படிவத்தைக் கேளுங்கள்.

இன்சுலின் உள்ள வீடுகளுக்கு

பெட்டி திருத்தப் போயிருக்கும் நாட்களில் இன்சுலினை என்ன செய்வது? திறக்காத மருந்து 2 தொடக்கம் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். அதை ஐஸில் உறைய விட்டால் பயனில்லாமல் போய்விடும். அயலவர் பெட்டியிலோ கிளினிக்கிலோ வைக்கலாமா என்று கேளுங்கள். பாவனையில் உள்ள போத்தலை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நான்கு கிழமை வைத்திருக்கலாம். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதைக் கிளினிக்கில் உறுதிப்படுத்துங்கள். பெரிய மண்சட்டிக்குள் ஈர மணல் போட்டு, அதன் நடுவே சிறு சட்டியை வைத்து, மருந்தை நனையாமல் அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடினால் கோடையிலும் வெளியை விடக் குளிர்ந்திருக்கும். மின்வெட்டு நேரத்தில் பெட்டிக் கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணித்தியாலம் அளவில் குளிர் நிற்கும்.

சகோதரிகளே, பெட்டி பழுதாகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று சமையல் முடிந்ததும் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். கொம்பிரசர் எது, சுருள் எது என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். தாளில் உள்ள காஸின் இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் உங்கள் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுத்து வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வாசித்துச் சொல்லும். ஐந்து நிமிட வேலை. அடுத்த தடவை யாராவது வந்து "காஸ் முடிஞ்சு போச்சு அக்கா" என்று சொன்னால், "ஓட்டை எங்க எண்டு காட்டுங்கோ" என்று கேளுங்கள்.